சுமைதாங்கி இல்லாத மலை

வெள்ளிக்கிழமை பொழுது நன்றாக விடிவதற்குள் வேப்பூர் ஆட்டுச் சந்தையில் பாதி வியாபாரம் முடிந்திருக்கும். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையும் கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சேலம் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஊர் என்பதால் நாலா திசையிலிருந்தும் ஆள் வரும். தராசை நம்புகிறவர் அங்கே குறைவு. கிடாவின் நெஞ்சுக்கடியில் ஒரு கை, தொடைக்கடியில் ஒரு கை. ஒரு தூக்கு, ஒரு குலுக்கு. "உசுரு எடை இருபத்தஞ்சு. கறி பன்னெண்டு நிக்கும்" என்று சொல்லிவிடுவார்கள். பிறகு நிறுத்துப் பார்த்தால் அரை கிலோ இப்படி அப்படி இருக்கும், அவ்வளவுதான்.

குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட கிடாவைத் தேடி வந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரை அங்கேதான் பார்த்தேன். மதராஸ் ரெஜிமென்டில் இருந்தவர், பக்கத்து ஊர். கருப்புக் கிடா ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கினார். "இதுக்கு மேல அஞ்சாறு கிலோ போட்டுக்கிட்டு ராவோட ராவா மலை ஏறியிருக்கேன் தம்பி. கிடா திமிறும், பிட்டூ திமிறாது. அதுதான் வித்தியாசம்" என்றார். பிட்டூ என்றால் பட்டாளத்தில் முதுகுப் பை. இந்தியிலிருந்து வந்து எல்லா மாநிலத்துச் சிப்பாய் வாயிலும் ஒட்டிக்கொண்ட சொல்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். இன்றைய காலாட்படை வீரன் ஒருவன் சண்டைக்குப் புறப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். குண்டு துளைக்காத அங்கி, தகடுகளோடு எட்டிலிருந்து பத்து கிலோ. துப்பாக்கி நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. 7.62 மி.மீ. தோட்டா முப்பது நிரம்பிய மேகசின் ஒன்று 800 கிராம். ஆறு மேகசின் என்றால் ஐந்து கிலோவை நெருங்கும். தலைக்கவசம் ஒன்றரை கிலோ. கையெறி குண்டு இரண்டு, ஒரு கிலோ. தண்ணீர் இரண்டு லிட்டர், இரண்டு கிலோ. தண்ணீருக்கு மட்டும் எந்த விஞ்ஞானியாலும் எடையைக் குறைக்க முடியாது. மொத்தம் 23 கிலோ. கிடா கிட்டத்தட்ட வந்துவிட்டது. இன்னும் சோறு வரவில்லை, போர்வை வரவில்லை, கயிறு வரவில்லை, வயர்லெஸ் பெட்டியும் அதன் பேட்டரியும் வரவில்லை, காயம்பட்டால் கட்டும் மருந்துப் பை வரவில்லை.

இதற்கு மேல் பொதுச் சொத்து ஒன்று இருக்கிறது. முப்பது நாற்பது பேர் கொண்ட பிளாட்டூனில் இயந்திரத் துப்பாக்கியையும் ராக்கெட் லாஞ்சரையும் அவற்றின் குண்டுகளையும் யாராவது தூக்கித்தான் ஆக வேண்டும். அது பங்கு பிரித்துத் தோளுக்குத் தோள் மாறும். ஆக, முழுச் சுமை முப்பதில் தொடங்கி நாற்பதைத் தாண்டுவது சாதாரணம்.

2003-ல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்க ராணுவம் ஒரு வேலை செய்தது. ஒரு குழுவைச் சிப்பாய்களோடு மலைக்கே அனுப்பி, ஒவ்வொருவன் தூக்கியிருந்ததையும் தராசில் நிறுத்துப் பார்த்தது. துப்பாக்கிச் சண்டைக்கு மட்டும் தேவையானவை சராசரி 28 கிலோவுக்கு மேல். சண்டை நடக்கும் இடத்துக்கு நடந்துபோகும்போது 46 கிலோ. வண்டியே போகாத இடமென்றால் 60 கிலோ. எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்ற ராணுவ வரலாற்றாசிரியர் 1950-லேயே ஒரு சிறு புத்தகம் எழுதி, சண்டைக்குப் போகிறவன் மேல் சுமார் 18 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள் என்று மன்றாடியிருந்தார். உலகத்தின் எல்லாப் பட்டாளமும் அதைப் படித்தது. எந்தப் பட்டாளமும் கேட்கவில்லை.

சுமை உடம்பிடம் என்ன கேட்கிறது என்பதற்கு ஒரு சமன்பாடு உண்டு. 1977-ல் அமெரிக்க ராணுவ உடலியங்கியல் ஆய்வாளர் பாண்டால்ஃபும் சகாக்களும் உருவாக்கியது. உடல் எடை, சுமை, நடைவேகம், ஏற்றம், தரையின் தன்மை ஆகியவற்றைக் கொடுத்தால் உடம்பு எத்தனை வாட் செலவழிக்கும் என்று சொல்லும். நம் ஹவில்தாரை 65 கிலோ இளைஞராக வைத்துக் கணக்குப் போட்டேன். வெறுங்கையோடு சும்மா நிற்க 97 வாட், ஒரு பழைய மின்விசிறியைவிடச் சற்று அதிகம். சமதரையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான வேகத்தில் நடந்தால் 262 வாட். முப்பது கிலோ முதுகில் ஏறினால் அதே நடைக்கு 380. பரவாயில்லை, தாங்கும். இப்போது நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் சரிவில் அதே சுமையோடு அதே வேகத்தில் ஏறச் சொன்னால் 810 வாட். ஒரு குதிரைத் திறன் என்பது 746 வாட் என்று பள்ளியில் படித்திருப்போம். உடம்புக்குள் எரிவதில் கால்வாசிதான் தசையின் வேலையாக வெளியே வரும், மீதி வெப்பம். அதனால் மனிதன் குதிரையாகிவிட்டான் என்று அர்த்தமில்லை. ஆனால் அடுப்பு அந்த அளவுக்கு எரிந்தாக வேண்டும்.

அடுப்பு எரிய ஆக்சிஜன் வேண்டும். 810 வாட்டுக்கு நிமிடத்துக்கு 2.4 லிட்டர். நல்ல பயிற்சியுள்ள 65 கிலோ இளைஞனின் உச்ச வரம்பு, கடல் மட்டத்தில், 3.2 லிட்டர் அளவில் இருக்கும். வேப்பூரில் கொஞ்ச நேரம் இப்படி ஏறிவிடலாம், ஏறுவதற்கு இங்கே மலைதான் கிடையாது.

இதே ஆளைக் கார்கிலில் நிறுத்துங்கள். 1999-ல் தோலோலிங்கிலும் டைகர் ஹில்லிலும் நம் வீரர்கள் ஏறிய உச்சிகள் 5,000 மீட்டரைச் சுற்றியவை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான், கூடப்போனால் இன்னும் நாலு சதவீதம். மூச்சின் உச்ச வரம்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழுந்துவிடும். 3.2 லிட்டர் 2.2 ஆகிவிடும். வேலை கேட்பது 2.4. வரவைவிடச் செலவு அதிகம், கதை முடிந்தது. அதுவும் உச்ச வரம்பில் யாராலும் மணிக்கணக்கில் நடக்க முடியாது. பாதியில்தான் நடக்க முடியும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அதே சரிவில் ஏறினால் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வரும். கார்கிலின் சரிவுகளோ பத்து சதவீதச் சரிவுகள் அல்ல. பல இடங்களில் கயிறு போட்டுத்தான் ஏறினார்கள். இருட்டில், மேலிருந்து ஆள் சுட்டுக்கொண்டிருக்க. பகலில் ஏன் ஏறவில்லை என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கே பதில். மணிக்கு ஒன்றோ இரண்டோ கிலோமீட்டர் வேகத்தில் வெட்டவெளியில் நகர்கிறவனைக் குறிபார்ப்பது எளிது. இருட்டும் அவனுக்கு ஒரு கவசம்.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முதுகில் ஒரு கிலோவும் காலில் ஒரு கிலோவும் ஒன்றல்ல. பாதத்தில் கட்டிய ஒரு கிலோ, முதுகில் வைத்த நாலைந்து கிலோவுக்குச் சமமான ஆற்றலைத் தின்னும் என்பது அறுபதுகளின் இறுதியிலேயே அளந்து சொல்லப்பட்டது. ஒவ்வொரு எட்டிலும் அதைத் தூக்கி, முன்னால் வீசி, நிறுத்த வேண்டியிருக்கிறதே! பனிமலைக்கென்று கொடுக்கும் கனத்த பூட்ஸ் கால் விரல்களைக் காப்பாற்றுகிறது. அதற்கான வாடகையை நுரையீரல் கட்டுகிறது.

உடம்பு தாங்காதபோது எங்கே விரியும்? முதலில் பாதத்தின் நீள எலும்புகள். அடி விழவில்லை, கீழே விழவில்லை. நடந்து நடந்தே எலும்பில் கீறல் விடும். பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் 1855-ல் சிப்பாய்களின் வீங்கிய பாதங்களைப் பார்த்து இதை எழுதிவைத்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் நாற்பது வருடம் இருந்தது. அடுத்தது தோள். பையின் வார் கழுத்தடியில் ஓடும் நரம்புக் கற்றையை அழுத்தினால் கை மரத்துப்போகும், சிலருக்கு வாரக்கணக்கில் தோளுக்கு மேல் தூக்கவே முடியாது. இடுப்பும் முழங்காலும் ஓய்வு பெற்ற பிறகு வட்டியோடு கேட்கும்.

நம் ஊர்ப் பெண்கள் இந்தச் செய்தியைப் படித்தால் சிரிப்பார்கள். சும்மாடு கோலித் தலையில் வைத்து அதன்மேல் புல்லுக்கட்டோ இரண்டு குடமோ ஏற்றி, கை வீசிப் பேசிக்கொண்டே போகிறவர்கள் அவர்கள். கென்யாவின் லூவோ, கிக்குயூ பெண்களை வைத்து 1986-ல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று இதை அளந்தது. தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் சுமந்து நடந்தாலும் அவர்கள் இழுக்கும் ஆக்சிஜன் வெறுங்கையோடு நடப்பதைவிடக் கூடவில்லை. ஐம்பது கிலோ பெண்ணுக்குப் பத்து கிலோ இலவசம்!

காரணம் நடையில் இருக்கிறது. நடக்கும்போது நம் உடல் தலைகீழாக நிறுத்திய ஊசல்போல ஊன்றிய காலின் மேல் ஏறி இறங்குகிறது. ஏறும்போது சேமித்த ஆற்றலில் ஒரு பங்கை இறங்கும்போது வேகமாகத் திரும்ப வாங்குகிறது. மீதி ஒவ்வொரு எட்டிலும் வீணாகிறது. சுமை தூக்கிப் பழகிய பெண்ணின் உடம்பு அந்த வீணைக் குறைத்துக்கொள்கிறது. சிறுமியாக இருக்கும்போதே குடம் தூக்கிப் படிய வேண்டிய நடை அது. இருபது வயதில் பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுத்து வராது. வந்தாலும் சிப்பாய்க்கு உதவாது. தலையில் சுமையோடு சடாரென்று தரையில் படுக்க முடியுமா?

நேபாளச் சுமைக்காரர்கள் இன்னொரு அதிசயம். எவரெஸ்ட் வழியிலுள்ள நாம்சே சந்தைக்கு நெற்றிவார் போட்டுக் கூடை சுமந்து வருகிற ஆண்களின் சராசரிச் சுமை அவர்கள் உடல் எடையில் 93 சதவீதம் என்று 2005-ல் அளந்தார்கள். சிலர் தம் எடையைப்போல் ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல். அவர்களுடைய இரகசியத்தில் ஒரு பாதி வெளிப்படையானது: மெதுவாக நடப்பார்கள், அடிக்கடி நிற்பார்கள். கையில் இருக்கும் குட்டையான 'டி' வடிவக் கோலைக் கூடைக்கு அடியில் ஊன்றி, சுமையை இறக்காமலே நின்றபடி மூச்சு வாங்குவார்கள்.

அந்தக் கோலை நம் முன்னோர் கல்லில் செய்து வைத்திருந்தார்கள். சுமைதாங்கி. பழைய பாதையோரங்களில் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைத்திருப்பார்கள். உயரத்தைக் கவனியுங்கள். ஒண்டியாக வரும் ஆள், யார் கையும் எதிர்பாராமல், தலைச்சுமையை அப்படியே அதன்மேல் நகர்த்திவிடலாம். திரும்பவும் குனியாமல் தலைக்கு வாங்கிக்கொள்ளலாம். கனத்த சுமையில் முதுகெலும்புக்கு ஆபத்தான கணம், தரையிலிருந்து தூக்கும் கணம்தான். அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டது அந்தக் கல். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். இறக்காத சுமையோடு போனவளுக்காக அடுத்தவர் சுமையை இறக்க ஓர் இடம். இதைவிட நுட்பமான நினைவுச் சின்னம் எனக்குத் தெரிந்து வேறு கிடையாது.

மலைச்சரிவில் பிட்டூவோடு உட்கார்ந்த சிப்பாய் தானாக எழுந்திருக்க மாட்டான் என்றார் ஹவில்தார். முன்னால் நிற்பவன் கை கொடுத்து இழுக்க வேண்டும். அதனால் பாறை கண்ட இடத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொள்வார்களாம்.

இனி பீங்கானுக்கு வருகிறேன், சுமைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. வேப்பூரிலிருந்து கிழக்கே விருத்தாசலம் இருபது கிலோமீட்டர் சொச்சம். பீங்கான் ஊர். உங்கள் வீட்டு மெயின் போர்டிலுள்ள வெள்ளைப் பியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, கொலுப் பொம்மை இவற்றில் ஏதாவது ஒன்று அங்கே வெந்ததாக இருக்கலாம். நெய்வேலியில் நிலக்கரிக்காகத் தோண்டும்போது கிடைக்கும் வெள்ளைக் களிமண் அந்தத் தொழிலுக்கு ஒரு பலம். பீங்கான் என்றால் கைதவறினால் உடையும் பொருள் என்றுதான் நாம் நினைக்கிறோம். சிப்பாயின் நெஞ்சுக்கு முன்னால் இன்று இருப்பது பீங்கான்தான் என்றால் நம்புவதற்குச் சற்று சிரமமாக இருக்கும்.

ஒரு தோட்டாவின் கணக்கைப் பாருங்கள். எட்டு கிராம் உலோகம், நொடிக்கு 700 மீட்டருக்கு மேல் வேகம். அதன் ஆற்றல் ஏறக்குறைய 2,000 ஜூல். நம் 25 கிலோ கிடா எட்டு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டாவது மாடியின் கைப்பிடிச் சுவரிலிருந்து, விழுந்தால் வரும் ஆற்றல் அதுதான். அந்தக் கிடா முழுவதும் சுண்டுவிரல் நுனியளவு இடத்தில், இமைக்கும் நேரத்தில் பலநூறில் ஒரு பங்குக்குள் விழுகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அங்கியின் துணியடுக்கு மென்மையான ஈயத் தோட்டாவைப் பிடித்துவிடும். உள்ளே கடினமான எஃகு ஊசி வைத்த தோட்டா துணியை விலக்கிக்கொண்டு போய்விடும். அதை நிறுத்த, முதலில் அதன் கூர்மையை உடைக்க வேண்டும். எஃகை உடைக்க எஃகைவிடக் கடினமான பொருள் வேண்டும். அங்கேதான் பீங்கான் இனத்தைச் சேர்ந்த போரான் கார்பைடு வருகிறது. வைரத்துக்கு அடுத்தடுத்த இடங்களில் வைத்துப் பேசப்படும் கடினம். ஒரு கன சென்டிமீட்டர் இரண்டரை கிராம்தான், எஃகு 7.8 கிராம். விருத்தாசலத்துச் சூளையில் வேகும் பீங்கானுக்கு 1,200, 1,300 டிகிரி போதும். இதற்கு 2,000 டிகிரிக்கு மேல் சூடும் அழுத்தமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். விலையும் அதற்கேற்ப ஏறும்.

தோட்டா மோதியதும் இரண்டும் உடைகின்றன. பீங்கானுக்கு அழுத்தத்தைத் தாங்கும் வலு அபாரம், இழுப்பைத் தாங்கும் வலு சொற்பம். மோதிய அதிர்வு தகட்டின் பின்பக்கம்வரை போய் இழுவிசையாகத் திரும்புகிறது. கவிழ்த்த கூம்பு வடிவில் பீங்கான் விரிசல் விட்டு நொறுங்குகிறது. அந்த நொறுங்கலில்தான் காப்பே இருக்கிறது. ஊசி முனை மழுங்கிச் சிதறுகிறது, புள்ளியில் விழுந்த அடி உள்ளங்கையளவுக்குப் பரவுகிறது. அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பாலிஎத்திலீன் இழையடுக்கு, வலை மீனைப் பிடிப்பதுபோலச் சில்லுகளைப் பிடித்துக்கொள்கிறது. வீரனுக்கு நெஞ்சில் உலக்கையால் இடித்தமாதிரி வலிக்கும், உயிர் இருக்கும். அதே இடத்தில் இரண்டாவது தோட்டா வந்தால் தகட்டிடம் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. தகட்டைக் கவனமில்லாமல் தரையில் போட்டாலும் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழலாம். எக்ஸ்ரே எடுத்துச் சோதிப்பார்கள். கொலுப் பொம்மையைப் பரணில் ஏற்றும் பதனத்தோடு கையாள வேண்டிய பொருளை மாட்டிக்கொண்டுதான் பாறையில் தவழ்கிறான் சிப்பாய்.

இந்த யோசனையின் விதை 1918-ல் விழுந்தது. எஃகுத் தகட்டின்மேல் மெல்லிய எனாமல் பூச்சு கொடுத்தால் அது குண்டை நன்றாகத் தடுக்கிறது என்று நெவில் மன்றோ ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி கண்டார். எனாமல் என்றால் நம் பழைய பூப்போட்ட தட்டில் இருக்குமே, அதே கண்ணாடிப் பூச்சுதான். வியட்நாம் போரில், அறுபதுகளின் நடுவில், ஹெலிகாப்டர் ஓட்டிகளுக்குப் பீங்கான் தகடுகள் வந்தன. உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு எடை ஒரு பொருட்டில்லை என்பதால் அவர்களுக்கு முதலில் வந்தது. நடப்பவனுக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

இந்தியாவில் குண்டு துளைக்காத அங்கிக்கென்று இந்தியத் தர நிர்ணயம் 2018-ல் வந்தது. அதே ஆண்டு 1,86,138 அங்கிகளுக்கு 639 கோடி ரூபாய் ஒப்பந்தம் போடப்பட்டது. 2024 ஏப்ரலில் கான்பூரிலுள்ள டிஆர்டிஓ ஆய்வகம் மிக உயர்ந்த ஆறாம் நிலைத் தோட்டாவைத் தடுக்கும் தகட்டைச் செய்ததாக அறிவித்தது: உள்ளங்கியோடு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 40 கிலோ, தனியாக நின்று தடுக்க 43 கிலோ. செப்டம்பரில் ஐஐடி டெல்லியோடு சேர்ந்து செய்த 'அபேத்' அங்கி வந்தது. தடுக்கும் நிலைக்கேற்ப 8.2 கிலோ, 9.5 கிலோ.

அந்த நாற்பது கிலோவைப் பிடித்துக்கொள்ளுங்கள். மனிதத் தோலின் பரப்பு ஏறக்குறைய 1.8 சதுர மீட்டர். உச்சி முதல் உள்ளங்கால்வரை அந்தத் தகட்டால் மூடினால் 72 கிலோ. ஆளைவிடக் கவசம் கனக்கும். கர்ணனுக்குப் பிறவியிலேயே ஒட்டியிருந்த கவசத்தை யாரும் நிறுத்துப் பார்த்ததாகக் கதையில் இல்லை. நம் சிப்பாய்க்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே தகடு நெஞ்சையும் முதுகையும் மட்டும் மூடுகிறது. இதயம், நுரையீரல், பெரிய இரத்தக் குழாய்கள். தொடையும் கையும் கழுத்தும் திறந்தே கிடக்கின்றன. கவசம் செய்கிறவர் முதலில் முடிவெடுக்க வேண்டியது எதை மூடாமல் விடுவது என்பதைத்தான். எல்லாவற்றையும் மூடியவன் ஓட முடியாமல் சுடப்படுவான். காப்பாற்றுகிற ஒவ்வொரு கிலோவும் ஓட்டத்தின் வேகத்தில் கொஞ்சம் திருடுகிறது.

அப்படியானால் விஞ்ஞானம் முன்னேற முன்னேறச் சுமை குறைந்திருக்க வேண்டுமே? ஒவ்வொரு பொருளும் குறைந்துதான் வந்திருக்கிறது. கார்ல் குஸ்தாஃப் ராக்கெட் லாஞ்சர் 14 கிலோவாக இருந்தது, 10 ஆனது, இப்போது ஏறத்தாழ 7. பழைய எஸ்.எல்.ஆர். துப்பாக்கியின் தோட்டா ஒன்று 24 கிராம். அதற்குப் பதிலாக இன்சாஸ் துப்பாக்கி வந்தபோது 12 கிராம் ஆனது. பாதி எடை! ஆனால் தோட்டா பாதியானதும் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கு என்றார்கள். லாஞ்சரில் மிச்சமான மூன்று கிலோவில் இன்னொரு குண்டு ஏறியது. இரவில் பார்க்கும் கண்ணாடி வந்தது, அதற்குப் பேட்டரி. வயர்லெஸ் வந்தது, அதற்குப் பேட்டரி. பேட்டரிக்கு மாற்று பேட்டரி. ஊருக்குப் போகும்போது பெரிய பையாக எடுத்தால் அதையும் நிரப்பிவிடுகிறோமே, அதே புத்திதான். என் தீர்ப்பு இது: சிப்பாயின் சுமையைக் குறைப்பது பொருள் விஞ்ஞானிகளால் மட்டும் முடியாது; 'இது வேண்டாம்' என்று சொல்லும் துணிவுள்ள தளபதியாலும்தான் முடியும்.

ஒரு காலத்தில் சுமை சிப்பாயின் தோளில் இவ்வளவு இல்லை. 1751-ல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போன தளவாடக் கூட்டத்தை விருத்தாசலம்வரை கொண்டுவந்து விட்டவர்களில் ராபர்ட் கிளைவும் ஒருவர். அப்போது விருத்தாசலம் கோயில் மதில்தான் கோட்டை. அந்தக் காலத்துப் படையில் மாடும் கூலியாளும் சிப்பாயைவிட அதிகம். மாடு செத்தால் படை நின்றுபோகும். 1791-ல் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்து வாசல்வரை போய்விட்டு, இழுவை மாடுகள் செத்ததால் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். இன்று சென்னை - திருச்சி நெடுஞ்சாலையின் ஒரு முனையில் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை, மறுமுனையில் சென்னையை அடுத்த ஆவடியில் படையாடை தைக்கும் தொழிற்சாலை. நடுவில் வேப்பூர். சாலை இருக்கும்வரை லாரி சுமக்கும். சாலை முடியும் இடத்தில் கோவேறு கழுதை. கழுதையும் ஏறாத கடைசிச் சரிவில் ஆள். 2025 ஜனவரி 15 அன்று புனேயில் நடந்த ராணுவ தின அணிவகுப்பில் நாலுகால் இயந்திரக் கழுதைகள் நடந்து காட்டின. அவை சுமப்பது பத்துப் பதினைந்து கிலோ. உயிருள்ள கழுதை இதைப் பார்த்துச் சிரிக்கும்.

தராசில் ஏறாதவையும் உண்டு. வியட்நாமில் சிப்பாயாக இருந்த டிம் ஓ பிரையன், ஒரு பிளாட்டூனின் ஆட்கள் எதை எதைச் சுமந்தார்கள் என்பதை வைத்தே 1990-ல் ஒரு கதைப் புத்தகம் எழுதினார். பொருளின் எடையில் தொடங்கி நினைவின் எடைவரை போகும் புத்தகம். மார்ஷல் இதை விஞ்ஞானப் பக்கத்திலிருந்து பார்த்தார். பயிற்சியில் அலட்டாமல் தூக்கிய அதே சுமையைச் சண்டையில் தூக்க முடியாமல் ஆட்கள் துவண்டதைப் பலரிடம் விசாரித்து, பயமும் களைப்பும் உடம்பைக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வற்றவைக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். களைத்தவன் சீக்கிரம் பயப்படுவான். பயந்தவன் சீக்கிரம் களைப்பான்.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயரத்துச் சோனம் காவல்நிலையின்மேல் பனிச்சரிவு விழுந்தது. புதைந்தவர்கள் 19-ஆவது மதராஸ் படைப்பிரிவின் பத்துப் பேர். நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறாம் நாள் உயிரோடு எடுக்கப்பட்ட லான்ஸ் நாயக் அனுமந்தப்பாவும் 11-ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் இறந்துபோனார். அந்த உயரத்தில் பனியை வெட்டித் தோழர்களைத் தேடியவர்களும் இதே மூச்சுக் கணக்குக்கு உட்பட்டவர்கள்தான். ஹவில்தாரிடம், நீங்கள் தூக்கியதிலேயே எது கனம் என்று கேட்டேன். கிடாவின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே, "ஆளு" என்றார். ஸ்ட்ரெச்சரில் ஒருவரை இறக்க நாலு பேர், மாற்றி எடுக்க இன்னும் நாலு பேர். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விருத்தாசலத்தில் செராமிக் டெக்னாலஜி டிப்ளமோ படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல ஆசை. பியூஸ் கட்டையும் கோப்பையும் நம் சோறு, அதில் குறைவில்லை. ஆனால் உங்கள் பாடப் புத்தகத்தில் கடினம், உடையும் தன்மை, சூளைச் சூடு என்று வரும் அத்தியாயத்தில் 40 என்ற அந்த எண்ணையும் பென்சிலால் குறித்து வையுங்கள். அதை 35 ஆக்கினால், நெஞ்சும் முதுகும் சேர்த்து முக்கால் கிலோ இறங்கும். கிட்டத்தட்ட ஒரு முழு மேகசினின் எடை.

"எங்க காலத்துத் தகடு இரும்பு தம்பி" என்றார் ஹவில்தார். கிடா விலை படிந்துவிட்டது. ஊர் நாலு கிலோமீட்டர்தான் என்றாலும் அதைக் குட்டியானையில் ஏற்றி அனுப்பிவிட்டு டீ சொன்னார். பெஞ்சில் வலது காலை நேராக நீட்டி வைத்துக்கொண்டுதான் அவரால் உட்கார முடிந்தது. வயது 54.